துணி எடுத்தாச்சா?

ஏற்காட்டுப் பள்ளி விடுதிக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டில் ஜூன் நெருங்கினால் ஒரே கேள்விதான்: "துணி எடுத்தாச்சா?" சீருடைக்கான பிட்டும் துணி, ஆயத்தச் சட்டையும் துணி, துவைக்கப் போடுவதும் துணி. இதே பிள்ளை ஆங்கில வகுப்பில் 'கிளாத்', 'கிளோத்ஸ்' இரண்டுக்கும் நடுவே விழிப்பதில் வியப்பில்லை.

இலக்கணம் எளிது. மீட்டர் கணக்கில் கிழித்து வாங்குவது கிளாத். உடுத்துவது கிளோத்ஸ்; அது எப்போதும் பன்மை. ஒரே ஒரு சட்டையென்றால் 'ஷர்ட்' என்று பெயர் சொல்லியே ஆக வேண்டும். 'கிளாத்ஸ்' என்றும் ஒன்று உண்டு. மேசை துடைக்கும் துணிகள் போன்றவை அவை. தீபாவளிக்கு 'நியூ கிளாத்ஸ்' வாங்கியதாக எழுதும் மாணவன், புதுத் துடைப்புத் துணி வாங்கியதாகிவிடுகிறது!

பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏற்காட்டு மலையடிவாரத்துச் சேலத்தின் தறிகளைப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற வெண்பட்டு வேட்டியும், இளம்பிள்ளைச் சேலையும் தறியிலிருந்து அறுத்ததுமே உடுத்தத் தயார். துணித்து எடுப்பதால் துணி, துண்டாக்குவதால் துண்டு. சங்கப் புலவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் விற்றதும் துணிதான். அறுப்பதால் அதற்கு அறுவை என்று பெயர். நமக்கு அறுத்த இடத்திலேயே உடை முடிந்துவிடுகிறது. ஆங்கிலேயருக்கோ தையற்காரரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்குப் போனால் கணக்கு மாறுகிறது. காப்பித் தோட்டத்துரைகளும், 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற பள்ளிகளும் வேரூன்றிய குளிரூர் அது. அங்கே தேவைப்படும் ஸ்வெட்டரைக் கையால் பின்னினால், நூலிலிருந்து நேரே கிளோத்ஸ். நடுவில் கிளாத்தே கிடையாது. கொங்கு நாட்டு மழையில் சாக்கை மடித்துத் தலையில் போடும் கொங்காணி இதற்கு நேர்மாறு: மழை பெய்யும்வரை உடை, வெறித்ததும் பழையபடி சாக்கு.

எழுதும்போது ஐயம் வந்தால் ஒரு கேள்வி போதும். 'எத்தனை மீட்டர்?' என்று கேட்கத் தோன்றினால் கிளாத்; 'யார் உடுத்த?' என்று தோன்றினால் கிளோத்ஸ். வேட்டிக்கு மட்டும் இரண்டுமே பொருந்தும். நாலு முழமா, எட்டு முழமா என்று அளந்து கேட்டு, வாங்கிய கையோடு கட்டிக்கொண்டும் போகலாம். அந்த ஓர் இடத்தில் ஆசிரியர்கள் மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருப்பதே நியாயம்.