பை இல்லாத கில்ட்டும் பை வைத்த கில்ட்டும்

எட்டு கஜம் துணி. ஆனால் ஒரு பைகூடக் கிடையாது! ஸ்காட்லாண்டு ஆண்கள் இடுப்பில் கட்டும் 'கில்ட்' அப்படிப்பட்டது. அதனால்தான் முன்னால் 'ஸ்போரன்' என்று ஒரு தோல் பையைச் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டுக் கொள்கிறார்கள். நம் பாட்டிமாரின் சுருக்குப் பை மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

எடின்பரோவில் என் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவரிடம் பழைய கம்பளிக் கில்ட் இருந்தது. தச்சு வேலை பார்க்கும் அவருடைய பிள்ளை, கெட்டிப் பருத்தியில் தைத்த புது மாதிரி கட்டுகிறான். இரண்டையும் பராமரிப்பது அந்த வீட்டு அம்மாள்தான். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆதியில் நீளத் துணி ஒன்றை இடுப்பில் பெல்ட்டால் இறுக்கி, மீதியைத் தோளில் போர்த்துவார்களாம். ராத்திரி அதுவே போர்வை. 18-ஆம் நூற்றாண்டில்தான் தோள் பாகம் போய், இடுப்புப் பாகம் மட்டும் நின்றது. கலகத்துக்குப் பிறகு 1746-ல் அரசாங்கம் இந்த உடைக்கே தடை போட்டு, 1782-ல் விலக்கிக் கொண்டது.

கம்பளிக் கில்ட்டில் முன்பக்கம் மடிப்பே இல்லை. கொசுவம் அத்தனையும் பின்னால். மடித்த பிறகும் கட்டங்கள் பிசகாமல் தொடர்ந்து வருகிற மாதிரி கையாலேயே தைக்கிறார்கள். கீழே ஓரம் அடிப்பதில்லை, துணியின் சொந்தக் கரையே ஓரம். என்ன வேலைப்பாடு!

ஆனால் தண்ணீரில் நனைத்துத் துவைக்க முடியாது. பிரஷ் போட்டுத் தூசி தட்டணும், காற்றாட விடணும், கறை பட்டால் டிரை கிளீனிங். அந்துப்பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை வேறு. இஸ்திரி போடுவதற்கு முன் ஒவ்வொரு மடிப்பையும் ஊசி நூலால் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தி, மேலே ஈரத் துணி விரித்துத் தேய்க்கிறார் அந்த அம்மாள். காலையில் ஆரம்பித்தால் மத்தியானம்தான் முடிகிறது.

புது மாதிரியை அமெரிக்காவில் பிரபலமாக்கியது சியாட்டில் நகரத்தில் 2000-ல் ஆரம்பித்த 'யூட்டிலிகில்ட்ஸ்' என்ற கம்பெனி. பக்கவாட்டில் பெரிய பைகள், முன்னால் அழுத்துப் பட்டன், சிலவற்றில் சுத்தியல் மாட்ட ஒரு வளையம்கூட. மடிப்பு ஓரங்களில் தையல் ஓட்டியிருப்பதால் கலைவதில்லை. மெஷினில் போட்டு எடுத்துவிடலாம். பையை மட்டும் முதலில் உதறிப் பார்க்கணும், ஆணியும் திருகும் கொட்டும்! ஏணி ஏறும்போது என்னடா செய்வாய் என்று கேட்டேன். உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருக்கிறேன் என்று சிரித்தான்.

அப்படியானால் புதுசுதான் உசத்தியா? அங்கேதான் விஷயமே. எடின்பரோவில் அடிக்கடி தூறல். கம்பளியில் தூறல் பட்டால் உதறிவிட்டு நடக்கலாம், ஈரமானாலும் கதகதப்பு போகாது. கெட்டிப் பருத்தி நனைந்தால் கனத்துப்போய்க் காலில் ஒட்டுகிறது, காய ஒரு நாள் ஆகிறது. இன்னொன்று, பெரியவர் கட்டுவது அவருடைய அப்பாவின் கில்ட். இடுப்பு பெருத்தபோது பக்கிளை நகர்த்தித் தைத்ததோடு சரி. கையால் தைத்த கில்ட்டுக்குப் பல நூறு பவுன் ஆகும்தான். ஆனாலும் இரண்டு தலைமுறைக்கு வந்திருக்கிறதே! பிள்ளையின் கில்ட்டோ, பை ஓரம் இப்போதே நைந்துவிட்டது.

வேலைக்குப் பருத்தி, கல்யாணத்துக்குக் கம்பளி என்று வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கம்பளி வாங்க முடியாதவர்கள் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார்கள், அதிலும் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சுற்றுலாக்காரர்களுக்கென்று கடைத்தெருவில் தொங்குகிற மலிவு செயற்கை இழை ரகத்தை மட்டும் வாங்கவேண்டாம். மெலிசு துணி, மடிப்பும் குறைவு. காற்றடித்தால் போச்சு, மானம் கப்பலேறிவிடும்!