கல்லெழுத்தை அளக்கும் முக்கோணம்

சில்க் போர்டு நெரிசலில் சிக்கி மடிவாளாவைத் திட்டாதவர் பெங்களூரில் குறைவு. அங்குள்ள சோமேசுவரர் கோயில் சுவரை நின்று பார்த்தவர் அதைவிடக் குறைவு. அதில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பழையது 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

நகரம் வளர்ந்த வேகத்தில் இப்படிப்பட்ட கற்கள் பல காணாமல் போய்விட்டன. எஞ்சியவற்றை 2021 முதல் முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது, 1909-இல் தொடங்கப்பட்ட மிதிக் சொசைட்டி என்னும் ஆய்வு அமைப்பு.

கல்வெட்டைப் படியெடுக்கும் பழைய வழி மைப்படி. கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்துத் தாளைக் குழிக்குள் இறக்குவார்கள். பிறகு மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். நல்ல கல்லுக்கு இது போதும். பொரிந்த கல்லில்தான் வம்பு: உளி வெட்டியதும் மழை அரித்ததும் ஒரே வெள்ளையாக விழும்; ஆழம் தெரியாது.

ஆழத்தைத்தான் ஸ்கேனர் அளக்கிறது. கையில் பிடிக்கும் அந்தக் கருவி கல்லின்மேல் ஒழுங்கான ஒளிவடிவம் ஒன்றை வீசும். சமதளத்தில் நேராக விழும் கோடு, குழி வந்ததும் வளையும். சற்றுத் தள்ளியிருக்கும் கேமரா அந்த வளைவைப் பிடிக்கிறது. ஒளி புறப்படும் இடம், கேமரா, கல்லில் ஒரு புள்ளி: இம்மூன்றும் ஒரு முக்கோணம். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மிச்சத்தைக் கணக்கிட்டுவிடலாம். பள்ளிக்கூட வடிவியல்தான், நொடிக்குப் பல்லாயிரம் தடவை.

கருவியை நகர்த்த நகர்த்தத் துண்டு துண்டாகப் புள்ளிகள் சேரும். அவற்றை ஒன்றாக்க, இரு துண்டுகளில் அருகருகே உள்ள புள்ளிகளை இணைசேர்த்து, ஒன்றைத் திருப்பி நகர்த்தி இடைவெளியைக் குறைத்து, மறுபடி இணைதேடுவது 1992-இல் பெஸ்ல், மெக்கே இருவரும் வெளியிட்ட வழிமுறை. இன்றும் அதன் வாரிசுகளே புழக்கத்தில் உள்ளன. 1999-இல் ஸ்டான்ஃபோர்டின் மார்க் லெவாய் குழு ஃபுளோரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையை அளந்தபோது சேர்ந்தவை சுமார் 200 கோடிப் பலகோணங்கள்!

இனிதான் சுவாரசியம். கணினியில் கல்லின் நிறத்தை அடியோடு நீக்கிவிடலாம். எண்ணெய்க் கறையும் பாசியின் நிறமும் போய், வடிவம் மட்டும் நிற்கும். அதன்மேல் கற்பனை விளக்கொன்றைப் பக்கவாட்டில், வேண்டிய கோணத்தில் தாழ்த்திப் பிடித்தால் மேலோட்டமான கீறலும் நிழல் கொடுக்கும். 2018-இல் பெங்களூரின் ஹெப்பாலில் கிடைத்த, கிட்டய்யா என்ற வீரரின் நடுகல், சுமார் 750-ஆம் ஆண்டினது, இப்படிப் பதிவானவற்றில் ஒன்று.

ஆனால் தடித்த பெயிண்ட் குழியை அடைத்திருந்தால் கருவிக்கு அந்தப் பெயிண்டே கல். முழுதும் தேய்ந்த எழுத்தை எந்த வடிவியலும் மீட்காது. மிஞ்சியதைப் படிக்கக் கல்வெட்டறிஞர்தான் வரவேண்டும். அவருக்கும் பெங்களூரில் கன்னடம், தமிழ், கிரந்தம் என மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.