பீரோவில் கிடக்கும் நூறு பங்கு

ரேணிகுண்டாவிலிருந்து கடப்பைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கரக்கம்பாடி. ஏழுமலையானைச் சேவிக்க வருகிறவர்கள் இந்த ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், அவர்கள் வந்த காரின் பானெட்டைத் திறந்தால், பச்சை நிறத்தில் ஓர் அமரான் பேட்டரி உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் சரக்கு அது. கரக்கம்பாடியிலும் சித்தூர் மாவட்டத்து நூனேகுண்ட்லபல்லியிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

இந்த நிறுவனத்தின் பங்கை 2007-ன் தொடக்கத்தில் ஒருவர் நூறு வைத்திருந்து, சான்றிதழைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அவர் மகன் பீரோவை ஒழிக்கும்போது அந்தத் தாள் கையில் கிடைக்கிறது. கைபேசியில் விலை பார்க்கிறார்; ஆயிரம் ரூபாய் என்று காட்டுகிறது. நூறு பங்கு, ஒரு லட்சம். பரவாயில்லை, அப்பா ஏதோ சேர்த்து வைத்திருக்கிறார் என்று தாளை மடித்துவிடுகிறார்.

கணக்கு தப்பு. அது பதினைந்து லட்சம்.

தாளில் முகமதிப்பு பத்து ரூபாய் என்று அச்சிட்டிருக்கும். 2007 செப்டம்பரில் அந்தப் பத்து ரூபாய்ப் பங்கு ஐந்து இரண்டு ரூபாய்ப் பங்குகளாகப் பிரிந்தது. நூறு ஐந்நூறானது. 2008-ல் இரண்டுக்கு ஒன்று போனஸ் கொடுத்தார்கள், எழுநூற்று ஐம்பது. 2012 செப்டம்பரில் இரண்டு ரூபாய்ப் பங்கு ஒரு ரூபாய்ப் பங்காகப் பிரிந்தது, ஆயிரத்து ஐந்நூறு. அப்பா கூடுதலாக ஒரு பைசா போடவில்லை.

பழைய விலைகளைப் பார்க்கிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். பங்குச் சந்தை தினமும் வெளியிடும் விலைப் பட்டியலுக்கு பாவ்காப்பி என்று பெயர். அந்தந்த நாளில் நடந்த வியாபாரத்தின் விலை அப்படியே அதில் இருக்கும்; பிறகு யாரும் திருத்துவதில்லை. அதை மட்டும் வைத்து அமர ராஜாவுக்குப் படம் வரைந்தால், 2007 செப்டம்பரில் ஒரே நாளில் எண்பது சதவிகிதம் விழுந்த மாதிரி தெரியும். அன்று யாரும் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை.

செயலிகளில் வரும் வரைபடம் வேறு வகை. பிரிப்பையும் போனஸையும் கணக்கில் கொண்டு பழைய விலைகளை எல்லாம் வகுத்துச் சரிக்கட்டியிருப்பார்கள். 2007-ல் 300 ரூபாய்க்கு விற்றிருந்தால், அதைப் பதினைந்தால் வகுத்து 20 ரூபாய் என்று காட்டும். லாப விகிதம் பார்க்க இதுதான் சரியான படம். வாட்ஸ்அப்பில் 'அன்று இருபது ரூபாய்க்குக் கிடைத்த பங்கு' என்று சுற்றும் செய்திகள் பிறப்பதும் இதிலிருந்துதான். இருபது ரூபாய்க்கு அன்று யாரும் வாங்கவில்லை, யாரும் விற்கவில்லை. சில தளங்கள் டிவிடெண்டையும் கழித்துக்கொண்டு இன்னும் குறைவான எண்ணைக் காட்டும். ஒரே பங்கு, ஒரே தேதி, மூன்று விலை. மூன்றும் சரி. எதற்காகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயரும் மாறும். அமர ராஜா பேட்டரீஸ் 2023-ல் அமர ராஜா எனர்ஜி அண்டு மொபிலிட்டி ஆனது. தேசியப் பங்குச் சந்தையில் அதன் குறியீடும் மாறிவிட்டது; பழைய குறியீட்டைத் தட்டிவிட்டு, கம்பெனியே போய்விட்டதோ என்று பதறுகிறவர்கள் உண்டு. மும்பைப் பங்குச் சந்தையின் எண் 500008 மட்டும் அப்படியே இருக்கிறது. தேடுவதற்கு எண்தான் நம்பகமானது.

பிரிப்பில் தூங்கினாலும் நஷ்டமில்லை. உரிமைப் பங்கில் தூங்கினால் நஷ்டம். இதற்கும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சந்திரபாபு நாயுடு 1992-ல் தொடங்கிய ஹெரிடேஜ் ஃபுட்ஸின் ஆரம்பகாலப் பால் பண்ணை திருப்பதியை அடுத்த சந்திரகிரிப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2023 ஜனவரியில் இந்த நிறுவனம் ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு இன்னொரு பங்கை வெறும் ஐந்து ரூபாய்க்குக் கொடுத்தது. சந்தை விலை அப்போது முந்நூறு ரூபாய் வாக்கில். ஐந்து ரூபாய் கட்டியவருக்கு, விலை பாதியானாலும் பங்கு இரண்டு மடங்கு. 'என்னமோ கடிதம் வந்திருக்கு' என்று ஒதுக்கி வைத்தவருக்கு, கையிலிருந்த மதிப்பில் பாதி நிஜமாகவே போனது. உரிமையைச் சந்தையில் விற்றிருக்கலாம். அதையும் செய்யாதவர்கள்தான் இழந்தார்கள். வரைபடத்தில் இந்த வேறுபாடு தெரியாது. சில தளங்கள் உரிமைப் பங்குக்கு விலையைச் சரிக்கட்டும், சில தளங்கள் விட்டுவிடும்.

அதே ஹெரிடேஜ், 2024 மே கடைசியில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது. ஜூன் 4-ல் ஆந்திரத் தேர்தல் முடிவு வந்தது; சந்திரபாபு நாயுடுவின் கட்சி வென்றது. ஜூன் 10-க்குள் 700-ஐத் தாண்டியது. பாலும் தயிரும் பத்து நாளில் அவ்வளவு விற்றுவிடவில்லை. வரைபடத்தை மட்டும் பார்த்து 'மேலே போகிற பங்கு' என்று அந்த வாரம் உள்ளே போனவர்கள், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் பழைய நானூறு பக்கமே விலை திரும்பியதைப் பார்த்தார்கள். ஒரு பெரிய ஏற்றமோ இறக்கமோ கண்ணில் பட்டால், அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு செய்தித்தாளுக்குப் போவதுதான் முறை. அமர ராஜாவுக்கும் அப்படித் தேதிகள் உண்டு. 2021 ஏப்ரல் 30-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளை மூடச் சொன்னது. மே 6-ல் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூன் கடைசியில், லித்தியம் பேட்டரித் தொழில்நுட்பத்துக்காக கோஷன் குழும நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்ற செய்தி வந்ததும் பங்கு ஒரே நாளில் ஏறக்குறைய இருபது சதவிகிதம் எகிறியது.

அமர ராஜாவின் விலைச் சரித்திரத்தில் இன்னும் சுவாரஸ்யமான இடம் ஒன்று இருக்கிறது. 2015-ல் பங்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. 2020 மார்ச்சில், கொரோனா பயத்தில், நானூறுக்கும் கீழே. 2024 ஜூலையில் ஆயிரத்து எழுநூறுக்கு மேல். 2025 மார்ச்சில் மறுபடி ஆயிரத்தை ஒட்டி. 2015-ல் ஆயிரத்துக்கு வாங்கியவர் பத்து வருடம் காத்திருந்து, டிவிடெண்டைத் தவிர வேறெதுவும் பார்க்கவில்லை. கம்பெனி தூங்கியதா? இல்லை. 2014-15-ல் ஒரு பங்குக்கு ஈட்டிய லாபம் சுமார் 24 ரூபாய். 2024-25-ல் ஐம்பதுக்கு மேல். லாபம் இரண்டு மடங்காகியும் விலை அங்கேயே நிற்கக் காரணம், 2015-ல் அந்த லாபத்தைப் போல நாற்பது மடங்கு விலை கொடுத்தார்கள்; பத்தாண்டு கழித்து இருபது மடங்குதான் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். பழைய விலையை அந்தந்த ஆண்டு லாபத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு இது பிடிபடாது. பத்தாண்டு விலைப் பட்டியலை மட்டும் இறக்கிவைத்துக்கொண்டு கோடு போடுகிறவர்களைப் பற்றி வேறென்ன சொல்ல?

சில வரைபடங்கள் பாதியில் நின்றுவிடும். காளஹஸ்திக்குப் பக்கத்து ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய் செய்யும் ஆலை லான்கோ இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் சந்தையில் இருந்தது. 2014-ல் ஸ்ரீகாளஹஸ்தி பைப்ஸ் ஆனது. 2021 முடிவில் எலெக்ட்ரோஸ்டீல் காஸ்டிங்ஸோடு இணைந்தது. பத்துப் பங்குக்கு எலெக்ட்ரோஸ்டீலின் 59 பங்கு கிடைத்தது. ஆலை இன்றும் ஓடுகிறது. ஆனால், ஸ்ரீகாளஹஸ்தி பைப்ஸ் என்று தேடினால் நடப்பு விலை எதுவும் வராது. இன்று பட்டியலில் இருக்கும் கம்பெனிகளின் பழைய விலையை வைத்து மட்டும் 'இருபது வருடத்தில் பங்குச் சந்தை இவ்வளவு கொடுத்தது' என்று கணக்குப் போடும்போது, இணைந்துபோனவையும் மூழ்கிப்போனவையும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

பழைய விலைகளில் ஒரு தேதியை மட்டும் அரசாங்கமே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது: 2018 ஜனவரி 31. அடுத்த நாள் பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி பங்குகளின் நீண்டகால லாபத்துக்கு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். அதுவரை சேர்ந்த லாபத்துக்கு வரி வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். அதனால், அந்தத் தேதிக்கு முன்பு வாங்கிய பங்கைச் சந்தையில் விற்கும்போது, அன்றைய உச்ச விலையை (முடிவு விலையை அல்ல) வாங்கிய விலையாகக் காட்டலாம். விற்ற விலையைவிட அது அதிகமாக இருந்தால் விற்ற விலை வரைக்கும்தான்.

நம் பீரோ பங்கையே எடுத்துக்கொள்வோம். அன்றைய உச்சம் 800 ரூபாய், இப்போது விற்பது ஆயிரத்துக்கு என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டால், வரிக்குரிய லாபம் பங்குக்கு இருநூறு. சும்மா வந்த போனஸ் பங்குக்கும் இதே கணக்குதான். ஆயிரத்து ஐந்நூறு பங்குக்கு மூன்று லட்சம், விலக்கு 1.25 லட்சம் போக, மீதி 1.75 லட்சத்துக்கு 12.5 சதவிகிதம். செஸ் சேர்க்காமல் 21,875 ரூபாய். அந்த ஒரு நாள் விலையைத் தேடாமல் விட்டவர், பூஜ்யத்துக்கு வந்த போனஸ் பங்கு என்று மொத்த விலைக்கும் வரி கட்டிக்கொண்டிருப்பார்.

இதெல்லாம் பங்கு இன்னும் அப்பா பெயரில் இருந்தால். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்டை வாங்காமல் விட்ட பங்குகள், முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். உரிய ஆவணங்களைக் காட்டித் திரும்பப் பெறலாம், நாளாகும். தாளில் இருக்கும் பங்கை 2019 ஏப்ரல் முதல் அப்படியே கைமாற்றவும் முடியாது, டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். அதனால், உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு சான்றிதழ் கிடைத்தால், விலையைப் பார்க்கும் முன், அதிலுள்ள ஃபோலியோ எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.