சட்டையில் மாட்டிய அட்டை சொல்லும் கணக்கு

காய்ச்சலில் படுத்த பிள்ளையிடம், முந்தைய நாள் பள்ளியில் யார் யாருடன் இருந்தாய் என்று கேட்டால் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயர் வரும். சாப்பாட்டு வரிசையில் இரண்டு வார்த்தை பேசியவன் பெயர் வராது. தொற்றுக் கிருமி அந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை.

நினைவில் தங்காத இந்தச் சந்திப்புகளை எண்ணத்தான், 2009 அக்டோபரில் பிரான்சின் லியோன் நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 232 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இரண்டு நாள் மார்பில் சென்சார் அட்டை மாட்டிக்கொண்டார்கள். இத்தாலி, பிரான்ஸ் ஆய்வாளர்கள் கைகோத்த ‘சோசியோபேட்டர்ன்ஸ்’ குழுவின் ஏற்பாடு அது.

அட்டை வலுக்குறைந்த ரேடியோ சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். அருகிலுள்ள அட்டைகளின் சிக்னலையும் வாங்கும். மனித உடம்பு அந்த அலைகளைத் தடுத்துவிடும். அதனால் முதுகைக் காட்டி நிற்பவரின் அட்டை எட்டாது. ஒன்றரை மீட்டருக்குள் இருவர் எதிரெதிரே நின்றால்தான் கணக்கில் சேரும். உடம்பையே தடுப்புச் சுவராக்கிய இந்த யோசனை அபாரமானது. 20 விநாடிக்கு ஒரு பதிவு. என்ன பேசினார்கள் என்பது பதிவாகாது. பேச்சின் தொனியையும் அளக்கும் அட்டைகள் அலுவலக ஆய்வுகளில் வந்துவிட்டன; பிள்ளைகள் மீது மாட்டும் கருவிக்கு அந்த அளவு அறிவு கூடவே கூடாது.

இரண்டு நாளில் பதிவான சந்திப்புகள் 77,602. ஒரு பிள்ளை நாளொன்றுக்குச் சராசரியாக 47 பிள்ளைகளை 323 முறை நெருங்கியிருந்தது. மொத்தம் 176 நிமிடம். பெரும்பாலானவை சில விநாடிகளில் முடிந்தவை. சொந்த வகுப்புக்குள்தான் நெருக்கம் அதிகம். மற்ற வகுப்புப் பிள்ளைகளோடு கலந்தது பெரும்பாலும் விளையாட்டு மைதானத்திலும் உணவுக்கூடத்திலும்.

2013-ல் மர்சேய் நகர மேல்நிலைப்பள்ளி ஒன்றில் இதே குழு அட்டையோடு, யாரைச் சந்தித்தோம் என்று நாட்குறிப்பும் எழுதச் சொன்னது. நீண்ட சந்திப்புகளை மாணவர்கள் எழுதியிருந்தார்கள், அதுவும் நேரத்தைக் கூட்டியே. குறுகிய சந்திப்புகளில் பெரும்பாலானவை விடுபட்டிருந்தன.

லியோன் கணக்கை வைத்துக் கணினியில் தொற்றைப் பரவவிட்டுப் பார்த்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஒரு வகுப்பில் பிள்ளைகளுக்கு அறிகுறி தெரிந்ததும் பள்ளி முழுவதையும் மூட வேண்டியதில்லை. அந்த வகுப்பையும் அதே படிநிலையிலுள்ள இன்னொரு பிரிவையும் மட்டும் சில நாள் மூடினாலே கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது. மற்ற வகுப்புகளுக்குப் பாடம் தடைபடாது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் விடுப்பு எடுக்கவும் வேண்டாம்.