உங்களுக்குத் தெரியுமா? குதிரையின் பலம் பின்னங்காலில்!

• குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடம்போடு பிணைத்திருப்பவை தசைகளும் தசைநார்களும்தான். தோள்களுக்கு நடுவே நெஞ்சுக்கூடு ஒரு தசைத் தொட்டிலில் தொங்குகிறது. அந்தத் தசைகள் வலுத்தால் குதிரையின் முன்பக்கமே எடுப்பாக உயரும்.

• சும்மா நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. ஆள் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பாரம் இன்னும் கூடும். அதில் ஒரு பங்கைப் பின்னங்கால்கள் ஏற்கும்படி பழக்குவதுதான் சமநிலைப் பயிற்சியின் சாரம்.

• இதற்கு எளிய கருவி, தரையில் வரிசையாகக் கிடத்திய மரக்கட்டைகள். மெல்லோட்டத்துக்குச் சுமார் 1.3 மீட்டர் இடைவெளி வைப்பார்கள். குதிரையின் எட்டுக்கேற்ப அதைக் கூட்டிக் குறைப்பார்கள். கட்டையில் இடிக்காமல் தாண்டக் காலை உயரத் தூக்க வேண்டுமே! இடுப்பு, வயிறு, முதுகு மூன்றுக்கும் வேலை கிடைத்துவிடும்.

• ஒரு கேரட்டும் பயிற்சிக் கருவிதான். அதை முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்த்திக் காட்டினால், குதிரை தலையை இறக்கிக் கழுத்தை வளைக்கும், முதுகு மேலெழும்பும். விலாப் பக்கம் காட்டினால் உடம்பு பக்கவாட்டில் வளையும். மூன்று மாதம் இப்படிச் செய்த குதிரைகளுக்கு முதுகெலும்பைத் தாங்கும் உள்தசை பருத்திருந்ததை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது.

• சுவரோரம் நடக்கும் குதிரையின் தோளைச் சற்றே உள்பக்கம் திருப்பி நடத்தும் பயிற்சி உலகப் புகழ்பெற்றது. உள்பக்கப் பின்னங்கால் வயிற்றுக்கு அடியில் வந்து பாரம் தாங்கப் பழகும். பிரான்ஸின் குதிரையேற்ற ஆசான் கெரினியேர் 1733-ல் வெளியான தன் நூலில் இதைப் பெரிதும் போற்றினார்.

• வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் ‘லெவாட்’ என்றொரு வித்தை உண்டு. பின்னங்கால்களை மடக்கித் தாழ்ந்து, முன்னங்கால்களைத் தூக்கி, உடம்பைச் சுமார் 35 பாகைச் சாய்வில் குதிரை அசையாமல் நிறுத்தும். நெட்டுக்குத்தாக எழுவதைவிட இதற்கே பலம் அதிகம் வேண்டும். இந்தப் பள்ளியின் கலையை 2015-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

• அங்குள்ள லிப்பிசானர் குதிரைகள் கருநிறத்தில் பிறந்து, பல ஆண்டுகளில் வெளுக்கின்றன. ஏறிப் பழக்குவது சுமார் நான்கு வயதில்தான் தொடங்கும். முழுத் தேர்ச்சி பெற அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆகும்.

• முதுகெலும்பின் வளர்ச்சி முடியக் குதிரைக்கு ஐந்து வயதுக்கு மேலாகிறது. தசை சில மாதங்களில் தேறும். தசைநாரும் எலும்பும் தேற அதைவிட அதிகக் காலம் பிடிக்கும். பார்வைக்குத் திடமாக இருக்கிறதே என்று இளங்குதிரையை அவசரப்படுத்தாதீர்கள். தினமும் கொஞ்சம் பயிற்சி, போதிய ஓய்வு: குதிரை நெடுநாள் நலமாக உழைக்கும்.