வெந்நீர் ஊற்றப் போனேன்!



வீட்டுக்குள் புழு பூச்சி வந்தால் நாம் என்ன செய்வோம்? விளக்குமாறு, அதற்கும் அடங்காவிட்டால் கொதிக்கிற வெந்நீர். நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். 2024ல் அமெரிக்காவில் மகள் வீட்டிலும் அதையே செய்யப் போய், பேரனையும் என்னையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க இருந்தேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

மகள் இருப்பது புளோரிடாவில், டாம்பா என்ற ஊர். மாப்பிள்ளைக்கு மீன் தொட்டிப் பைத்தியம். நம் ஊர்த் தங்க மீன் தொட்டி இல்லை; உப்புத் தண்ணீர், பவளம், கடல் பாறை என்று ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் போன சமயத்தில்தான் புதிதாக ஆரம்பித்திருந்தார். பாறையை ஈரம் காயாமல் கடையில் விற்கிறார்கள். கடலில் தானாகக் கிடக்கும் பாறையை எடுக்க அங்கே 1990களிலேயே தடை வந்துவிட்டதாம். குவாரிக் கல்லைக் கடலில் போட்டு வைத்து, சில வருஷம் கழித்து அதில் உயிர்கள் குடியேறியதும் எடுத்து விற்கிறார்கள். அதனால் பாறையோடு டிக்கெட் வாங்காத பயணிகளும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

பகலில் நானும் ஐந்து வயதுப் பேரனும்தான் வீட்டில். ஒரு நாள் அவன், "அம்மாச்சி, கம்பளிப்பூச்சி!" என்று கத்தினான். ஓடிப் போய்ப் பார்த்தால், பாறை இடுக்கிலிருந்து விரல் நீளத்துக்கு ஒன்று நெளிந்து வருகிறது. இளஞ்சிவப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக மயிர். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வெறும் கையால் பாறையைத் தூக்கி வாளியில் போட்டேன். கையில் சுருக்கென்று குத்தியது. சப்பாத்திக்கள்ளி முள் ஏறினால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்த ஆத்திரத்தில் அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்.

நல்ல நேரம், மகள் மத்தியானம் பேசும் வழக்கப்படி வீடியோவில் வந்தாள். "பாரு, உன் வீட்டுக்காரர் கொண்டு வந்து வச்சிருக்கிற லட்சணத்தை" என்று வாளியைக் காட்டினேன். அவ்வளவுதான். "அம்மா, ஊத்திறாதம்மா! அடுப்பை அணைச்சிட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போ!" என்று அலறினாள்.

விஷயம் புழுவில் இல்லை. அதே பாறையில் சட்டைப் பொத்தான் அளவில், பச்சையும் பழுப்புமாகக் கொத்தாகச் சில ஒட்டிக்கொண்டிருந்தன. நான் பாசி என்று நினைத்தேன். அவை சோவாந்திட் என்ற உயிர். அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. வெந்நீர் ஊற்றினாலோ, பிரஷ் போட்டுத் தேய்த்தாலோ ஆவியோடும் சாரலோடும் மூச்சில் ஏறிவிடும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், வாயில் கசப்பு என்று படுத்தி எடுத்துவிடும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை மீன் கடைகளிலும் வீடுகளிலும் இப்படிப் பலர் பாதிக்கப்பட்டதை அமெரிக்க சுகாதாரத் துறையே பதிவு செய்திருக்கிறது.

மாலையில் வந்த மாப்பிள்ளை ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. என் விரலில் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி உரித்து முள்ளை எடுத்தார். "தப்பு என்னோடதுதான் அத்தை. கையுறை இல்லாம இதைத் தொடக்கூடாதுன்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். அந்தப் புழு தொட்டியின் துப்புரவுத் தொழிலாளியாம்! மீன் தின்றது போக அழுகும் மிச்சத்தைத் தின்று தீர்க்கிறது. முள்ளின் அடியில் சிவப்புக் குஞ்சம் மாதிரி இருந்து, உடம்பும் தடியாக இருந்தால் அது வேறு ஜாதி, நெருப்புப் புழு. பவளத்தையே தின்னும். அதை மட்டும் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும்.

அதன் பிறகு எனக்கே ஆர்வம் தொற்றிக்கொண்டது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளை ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டிப் பார்ப்போம். சிவப்பு வெளிச்சம் அவற்றில் பலவற்றுக்கு அவ்வளவாக உறைக்காது. பயப்படாமல் வெளியே வரும். ரவையில் விழும் பூச்சி மாதிரி ஓடுபவை மீனுக்குத் தீனி. கண்ணாடியில் கோலப்பொடி சிந்தியது போல் வெள்ளைச் சுருள்கள் இருந்தன. அவையும் புழுதான், சாது. கால்கள் ஒன்று நீளம் ஒன்று குட்டையாகச் சாம்பல் நிற நட்சத்திரம் ஒன்று. அது தன்னையே இரண்டாகப் பிய்த்துக்கொண்டு பெருகுமாம். ராத்திரியில் 'டிக்' என்று கண்ணாடியில் தட்டுகிற சத்தம் வேறு. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்தால் பிஸ்டல் இறால், பெரிய தொல்லை இல்லை. கண் காம்பின் மேல் நின்று, முன்கையை மடக்கி வைத்திருந்தால் மாண்டிஸ் இறால். நத்தை, நண்டை எல்லாம் உடைத்துத் தின்றுவிடும். எங்களுக்கு வாய்த்தது ஒற்றைக் கொடுக்குக்காரர்.

வேடிக்கை என்னவென்றால், வந்த நாளிலிருந்து நான் ரசித்துக்கொண்டிருந்த ஒரு 'பூ' இருந்தது. பழுப்புக் காம்பு, கண்ணாடி மாதிரி இதழ்கள், தொட்டால் சட்டென்று ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். பேரனுக்குக்கூடக் காட்டிக் காட்டிச் சோறு ஊட்டினேன். அதுதான் தொட்டியிலேயே பெரிய வில்லி! பெயர் ஐப்டேசியா. பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொன்றுவிடும். இது தெரிந்ததும் சும்மா இருந்தேனா? கையுறை மாட்டிக்கொண்டு, கீரைப் பாத்தியில் களை பிடுங்குவது போல் இடுக்கியால் பிய்த்தேன். பத்துப் பதினைந்து நாளில் அந்த இடத்தைச் சுற்றி நான்கு குட்டிகள். பாறையில் ஒட்டி நிற்கும் துணுக்கு ஒவ்வொன்றும் முளைக்குமாம்.

மாப்பிள்ளை ஒரு கிண்ணத்தில் வெள்ளை மாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். "என்ன மாப்பிள்ளை, வெற்றிலைக்குத் தடவுற சுண்ணாம்பு மாதிரி இருக்கே?" என்றேன். "அதேதான் அத்தை" என்று சிரித்தார். மீன் தொட்டிக்கென்றே சுத்தமாக விற்கும் சுண்ணாம்பாம். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சால் அதன் வாயில் மெதுவாக அப்பினார். ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் கூடாது. தண்ணீரின் காரம் ஏறி மீன் செத்துவிடும். மறுவாரம் பூவும் இல்லை, குட்டியும் இல்லை.

சுண்ணாம்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவே பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். இப்போது பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று மண்டபம், ராமேஸ்வரம் போகும்போது ஒரு துண்டுகூட எடுத்து வந்துவிடாதீர்கள், ஜெயில்தான்.

நான் ஊர் திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை பேரன் போனில் தொட்டியைக் காட்டினான். "அம்மாச்சி, உன் கம்பளிப்பூச்சி எவ்ளோ பெருசாயிடுச்சு பாரேன்!" பார்த்தேன். என் இரண்டு விரல் நீளம் இருந்தது.

- ஒரு வாசகி, மதுரை.