ஒரு மில்லிமீட்டர் கோணல்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன். எனக்கு வந்தது இதுதான். நாம் முதலாம் ஆண்டு கணக்கில் படித்த வடிவொத்த முக்கோணமும், ஒர்க்ஷாப்பில் படித்த மரையும், ஒரு துப்பாக்கியில் ஒன்றாக வந்து நின்ற கதை.

போன வருடம் கேடட்டாக ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தேன். பாயின்ட் இருபத்திரண்டு ரைபிள், 25 கஜ தூரம், ஆளுக்கு 5 ரவை. வாழ்க்கையில் முதல் முறையாகச் சுடுகிறேன். மூச்சை நிறுத்தி, சொல்லிக் கொடுத்தபடியேதான் சுட்டேன். போய்ப் பார்த்தால் நடு வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஐந்தும் வலப்பக்கம். பயிற்சி கொடுத்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "கண்ணு தெரியுதா உனக்கு? டிரிக்கரைப் பிடிச்சு இழுக்கிற. போ, பின்னாடி போய் உட்காரு" என்றார். நானும் போய் உட்கார்ந்துவிட்டேன். என் தப்பு இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கே எது தப்பாகப் போனாலும், நமக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிப் போயிருந்தது.

சாயங்காலம், துப்பாக்கிகளைத் துடைத்து அடுக்கும் இடத்தில் ஒரு வயதான ஆர்மரர் இருந்தார். ஆர்மரர் என்றால் ஆயுதங்களைப் பழுது பார்ப்பவர். என் தாளை வாங்கி, ஐந்து ஓட்டைகளின் மேல் ஒரு ஐந்து ரூபாய்க் காசை வைத்தார். ஐந்தும் மறைந்துவிட்டன. "எல்லாம் ஒரே இடத்துல போயிருக்கு தம்பி. கை ஆடினா இப்படிப் போகுமா? நீ சரியாத்தான் சுட்டிருக்க. துப்பாக்கிதான் வேற எங்கயோ பார்க்குது" என்றார்.

இதற்குக் குரூப் என்று பெயர். ரவைகள் தாள் முழுக்கச் சிதறியிருந்தால் முதலில் சுட்டவனைப் பார்க்க வேண்டும் (பேரல் தேய்ந்திருந்தாலும் சிதறும், அது வேறு விஷயம்). கூட்டமாக ஓரிடத்தில் விழுந்து, அந்த இடம் மட்டும் தள்ளியிருந்தால் சைட்டைப் பார்க்க வேண்டும். நம் மெட்ராலஜி பாடத்தில் துல்லியம் வேறு, திரும்பத் திரும்ப ஒரே அளவு காட்டுவது வேறு என்று படித்தோமே, அதேதான். பரீட்சைக்கு அதை நான் மனப்பாடம் செய்தேன். புரிந்தது அந்தக் காசைப் பார்த்தபோதுதான்.

பிறகு அவர் ரைபிளைத் திருப்பி, முனையில் இருக்கும் ஃபோர்சைட்டைக் காட்டினார். அது நிற்கும் குறுக்குப் பள்ளத்தில் பழைய கோட்டுக் குறி ஒன்று இருந்தது. ஃபோர்சைட் அந்தக் கோட்டை விட்டு நகர்ந்திருந்தது. எங்கோ கீழே விழுந்திருக்க வேண்டும். எவ்வளவு நகர்ந்திருக்கும்? இங்கேதான் முக்கோணம் வருகிறது. பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் இடைவெளி அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கஜம் என்பது 22.86 மீட்டர். என் குரூப் நடுவிலிருந்து நாலரை சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. 45-ஐ 500-ஆல் பெருக்கி 22,860-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். அவ்வளவுதான். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு மில்லிமீட்டர், என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டது.

எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதில்தான் எல்லோரும் குழம்புவார்கள். ரவை வலப்பக்கம் போனால் ஃபோர்சைட்டையும் வலப்பக்கமே தள்ள வேண்டும். முள்ளை வலப்பக்கம் தள்ளினால், அதைக் குறியில் நிறுத்த நாம் பேரல் முனையை இடப்பக்கம் கொண்டுவருவோம். ரவையும் இடப்பக்கம் வரும். மேலே போனால் முள்ளை உயர்த்த வேண்டும். பின் சைட்டுக்கு இது தலைகீழ். ரவை எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்த வேண்டும்.

"இது சின்ன வியாதிப்பா. எஸ்.எல்.ஆர்.ல வர்றதைப் பார்த்தா பயமா இருக்கும்" என்று ஆரம்பித்தார் ஆர்மரர். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

எஸ்.எல்.ஆர். என்பது தானே ரவையை நிரப்பிக்கொள்ளும் ரைபிள். ஒவ்வொரு ரவைக்கும் விசையை அழுத்த வேண்டும், ஆனால் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டாம். 1962 சீனப் போரில் நம் வீரர்கள் பெரும்பாலும் பழைய பாயின்ட் 303 போல்ட் ரைபிளைத்தான் வைத்திருந்தார்கள். அதற்குப் பின் வந்ததுதான் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனி வடிவத்தைத் தழுவி, மேற்கு வங்கத்தில் 1904-ல் தொடங்கிய இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தார்கள். பிறகு ராணுவத்துக்கு இன்சாஸ் வந்தது. நம் திருச்சியில் 1966-ல் அமைந்த படைக்கலத் தொழிற்சாலையிலும் இன்சாஸ் செய்திருக்கிறார்கள்.

எஸ்.எல்.ஆரில் பேரல், பாடிக்குள் மரை போட்டு முறுக்கப்பட்டிருக்கும். பேரலின் மேல் கேஸ் பிளாக் என்று ஒரு துண்டு. ஃபோர்சைட் நிற்பது அதன் மேல்தான். ஆகவே பேரல் முழுசாக முறுக்கப்படாமல் ஒரு டிகிரி குறைந்து நின்றாலும், ஃபோர்சைட்டும் ஒரு டிகிரி சாய்ந்து நிற்கும். துளையின் நடுவிலிருந்து முள் 40 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்தால், ஒரு டிகிரிக்கு முள் 0.7 மி.மீ. பக்கவாட்டில் போகும். இந்த ரைபிளில் இரண்டு சைட்டுக்கும் இடைவெளி சுமார் 553 மி.மீ. கணக்குப் போட்டால் 100 மீட்டரில் பன்னிரண்டரை சென்டிமீட்டர் விலகல்!

சரி, பின் சைட்டை நகர்த்திச் சரிசெய்துவிடலாமே? செய்யலாம். பின் சைட்டின் இரண்டு பக்கமும் இரண்டு திருகு உண்டு; ஒன்றைத் தளர்த்தி இன்னொன்றை முறுக்கினால் நகரும். ரவையும் நடுவில் போய் விழும். ஆனால் கேஸ் பிளாக்கில் சைட் மட்டும் இல்லை. ரவை பேரலுக்குள் ஓடும்போது, வெடிமருந்துப் புகையில் ஒரு பங்கு சிறு துளை வழியாக அந்த பிளாக்குக்குள் வந்து, பேரலுக்கு மேலே இருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். காலி தோட்டா வெளியே விழுந்து அடுத்தது ஏறுவது அந்தத் தள்ளலில்தான். பேரல் திரும்பியிருந்தால் பிஸ்டனும் கோணலாக ஓடி உரசும். சைட்டை மட்டும் திருத்தியவன் தாளில் நல்ல மார்க் வாங்கிவிடுவான். துப்பாக்கி என்றைக்கோ நடுவில் சிக்கிக்கொள்ளும். பின் சைட் ஒரே பக்கம் ஒட்டிக் கிடந்தால், அதற்கு முன்னால் யாரோ ஒரு நோயை மூடி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டுமாம். ஃபோர்சைட்டையே தட்டி வளைத்து நேராக்குகிற ஆட்களும் உண்டாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

சரியான வைத்தியம் பேரலைக் கழற்றிப் பூட்டுவதுதான். கையால் முறுக்கும்போது ஃபோர்சைட் கடிகாரத்தின் 11 மணி நிலையில் வந்து நிற்க வேண்டும். அங்கிருந்து 12-க்குக் கருவி போட்டு இறுக்க வேண்டும். கையால் முறுக்கும்போதே 12-க்கு வந்துவிட்டால், பார்க்க நேராக இருக்கும், ஆனால் இறுக்கமே இருக்காது. சுடச் சுடத் தளர்ந்துவிடும். இதற்காக பிரிட்டிஷ் வகை எஸ்.எல்.ஆரில் பேரல் தோளுக்கும் பாடிக்கும் நடுவே வெவ்வேறு தடிமனில் வாஷர் போடுவார்கள். அங்குலத்துக்கு 16 மரை என்றால் பிட்ச் 1.5875 மி.மீ. அதை 360-ஆல் வகுத்துப் பாருங்கள். பத்து டிகிரி திருத்த வாஷர் தடிமனில் 0.044 மி.மீ. மாற்றினால் போதும். மைக்ரோமீட்டர் எதற்கு என்று லேபில் கொட்டாவி விட்டவர்களில் நானும் ஒருவன். பேரலை மாற்றினால் தோட்டா உட்காரும் இடைவெளியையும் மறுபடி அளக்க வேண்டும். இதெல்லாம் ஆர்மரர் வேலை. 1959 ஆயுதச் சட்டம் இருக்கிற நாட்டில் நாம் தொடுகிற வேலை இல்லை. நமக்கு வேண்டியது அந்தக் கணக்கு.

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பொதட்டூர்பேட்டை பக்கம் தறி நெய்கிறவர். பேரல், பிஸ்டன் எதுவும் அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாவு உருளை மட்டம் இல்லேன்னா துணி ஒரு ஓரம் தொளதொளன்னு வரும்டா. ரெண்டு வருஷம் எனக்குக் கூலி புடிச்சாங்க, கை சரியில்லேன்னு. அப்புறம் உருளையைத் தூக்கி வெச்சதும் சரியாப் போச்சு" என்றார். இதை அவர் அதற்கு முன் என்னிடம் சொன்னதே இல்லை. பிடித்த கூலியைத் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். சிரித்தார்.

முகாமின் கடைசி நாள், ஆர்மரர் பித்தளைப் பஞ்சை வைத்து ஃபோர்சைட்டைப் பழைய கோட்டுக்கு மெதுவாகத் தட்டிக் கொண்டுவந்தார். பித்தளை ஏன் என்றால், இரும்பை இரும்பால் தட்டினால் காயம் படும். அதே ரைபிள், அதே 25 கஜம், 5 ரவை. நாலு நடு வட்டத்தில், ஒன்று கோட்டில். பயிற்சி கொடுத்தவரிடம் தாளைக் காட்டினேன். "நல்லா இருக்கே" என்றார். சுடும் அணிக்கான பெயர்ப் பட்டியல் அதற்கு முந்தின நாளே போயிருந்தது.